திரும்பிப் போறதா வேணாமாங்குறத இந்த மாசம் முடிவு பண்ணாதீங்க

கேள்விய மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். மன்னார்குடி பக்கத்து தங்கச்சி, வயசு 34, பாபநாசம் பக்கம் வாக்கப்பட்டு பன்னெண்டு வருஷம், ஒரு பொண்ணு ஒரு பையன். வீட்டுக்காரர் விவசாயமும் பாக்குறாரு, கதிர் அறுக்குற மெஷினும் வாடகைக்கு விடுறாரு, மெஷின் போற ஊர்ல ஒரு பொண்ணோட மூணு வருஷமா தொடர்பு, போன்ல மெசேஜ் பாத்து தெரிஞ்சிருக்கு. இப்ப புள்ளைங்களோட அம்மா வீட்ல இருக்காங்க. மாமியார் "ஆம்பள அப்புடி இப்புடித்தான் இருப்பான், வந்து குடும்பத்த பாரு"ங்குறாங்க, அண்ணன் "அறுத்து விட்டுட்டு வா, நான் இருக்கேன்"ங்குறாரு, வர்ற ஞாயித்துக்கிழமை பஞ்சாயத்து. திரும்பிப் போறதா, பிரியறதா, பிரிஞ்சா எதை வச்சுப் பொழைக்கிறது, தாலிய என்ன பண்றது, இதான் கேள்வி.

தங்கச்சி, நான் கும்பகோணத்துல வக்கீல், குடும்ப கேஸ்தான் அதிகமா பாக்குறேன், ஆறுதல் சொல்ல உங்களுக்கு ஆளுங்க இருப்பாங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். போறதா வேணாமாங்குறத இப்ப முடிவே பண்ணாதீங்க. சுத்தி இருக்குற எல்லாரும் அதையேதான் கேப்பாங்க, ஏன்னா மாமியாருக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேணும், அண்ணனுக்கு மானம் வேணும், உங்க வீட்டுக்காரருக்கு ஊர் வாய் அடங்கணும். உங்களுக்கு வேண்டியது வேற, கையில நாலு காசு, நகை எங்க கெடக்குதுங்குற கணக்கு, புள்ளைங்க ஸ்கூலு, ராத்திரி தூக்கம். இதெல்லாம் உங்க கைக்கு வந்தப்புறம் எடுக்குற முடிவும், அழுது வீங்குன மூஞ்சியோட நாலு பெருசுங்க முன்னாடி உக்காந்து எடுக்குற முடிவும் ஒண்ணா இருக்கவே இருக்காது. சேந்தவங்களும் நல்லா இருக்காங்க, பிரிஞ்சவங்களும் நல்லா இருக்காங்க, ரெண்டையும் பாத்துட்டேன். போக்கிடம் இல்லாம திரும்பிப் போனவங்கதான் கொஞ்ச நாள்ல மறுபடி என் ஆபீஸ் பெஞ்சுல வந்து உக்காருறாங்க.

ஆனா சிலது தள்ளிப்போட முடியாது. மொதல்ல அந்த ஞாயித்துக்கிழமை. நம்ம பக்கம் எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும், பேச்சுவார்த்தைன்னு கூப்புடுவாங்க, போய்ப் பாத்தா பத்திரத்துல ஏற்கனவே டைப் அடிச்சு வச்சிருப்பாங்க. அதுல "இரு தரப்பினரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதித்து, இனி ஒருவர் மீது ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை"ன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், கூட ஏதோ ஒரு தொகையப் போட்டு பெற்றுக்கொண்டேன்னும் இருக்கும். அந்த வரிதான் விஷம். ஜீவனாம்சத்துக்கு முன்னாடி சிஆர்பிசி 125ன்னு சொல்லுவோம், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125வது பிரிவு, 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்குப் பதிலா வந்த புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல அது 144. அந்தப் பிரிவுலயே, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சம்மதிச்சு தனித்தனியா இருந்தா பொண்டாட்டிக்கு ஜீவனாம்சம் கிடையாதுன்னு இருக்கு. சரி விவாகரத்தாவது ஆச்சான்னா அதுவும் ஆகல, அப்படி பிரிக்கிற வழக்கம் உள்ள சமூகம்னு கோர்ட்டுல நிரூபிச்சாலொழிய 1955 இந்து திருமணச் சட்டப்படி கோர்ட் தீர்ப்பு இல்லாம கல்யாணம் முறியாது. ஆக விவாகரத்தும் இல்லாம காசும் இல்லாம நடுவுல நிப்பீங்க, அவரு மட்டும் பத்திரத்த பத்திரமா வச்சிருப்பாரு.

இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கங்க, "நீயாத்தானே வீட்ட விட்டுப் போன"ன்னு மிரட்டுவாங்க. புருஷன் வேற பொண்ண வச்சிருந்தா அவனோட வாழ மாட்டேன்னு பொண்டாட்டி சொல்றது நியாயமான காரணம்னு அதே 144 பிரிவுலதான் இருக்கு. அதனால அம்மா வீட்ல இருக்கோமே உரிமை போயிருமோன்னு பதறாதீங்க. பஞ்சாயத்துக்கே போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஊருக்குள்ள இருந்துக்கிட்டு அது முடியாது, உங்க அம்மாவும் அந்தத் தெருவுலதானே இருக்கணும். போங்க, பேசுங்க, கையெழுத்து மட்டும் போடாதீங்க, கைநாட்டும் வேணாம், வெத்துப் பேப்பர்ல சுத்தமா வேணாம். "படிச்சுப் பாத்துட்டு வக்கீல்கிட்ட காட்டிட்டு போடுறேன்"னு ஒரே வார்த்த, எத்தன தடவ கேட்டாலும் அதே வார்த்த.

அடுத்து நகை. மெஷின் வாங்குறப்ப உங்க நகையில பதினஞ்சு பவுன கூட்டுறவு சங்கத்துல அவரு பேர்ல அடகு வச்சாரு, சீட்டு அவருகிட்ட இருக்குன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வருஷக் கெடு, வட்டி கட்டி மாத்தி வைக்காம விட்டா நோட்டீஸ் விட்டு ஏலத்துல போயிரும், அந்த நோட்டீஸ் அடகு வச்சவர் பேருக்குத்தான் வரும், உங்களுக்குத் தகவலே வராது. உங்க மேல கோவத்துல இருக்குற மனுஷன் அத மூழ்க விட்டுட்டா யாரு கேக்குறது? அதனால இந்த வாரமே கல்யாண ஆல்பத்த எடுங்க, கழுத்துல கையில போட்டுருக்கது நல்லா தெரியிற போட்டோவ தனியா எடுத்து வைங்க, உங்க அப்பா நகை வாங்குன கடை பில்லு பீரோவுல இருக்கான்னு பாருங்க, எது எத்தன பவுன்னு ஒரு லிஸ்ட் எழுதுங்க. கல்யாணத்துல பொண்ணுக்குப் போட்டது பொண்ணோட சொத்து, புருஷன் கையில இருந்தா அவரு வச்சுக் காப்பாத்துறவர் மாதிரிதான்னு 1985லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ல நகைய திருப்பிக் குடுக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம், கைமாத்தக் கூடாதுன்னும் தடை போடலாம். அடிச்சாத்தான் அந்தச் சட்டம்னு நெனைக்கிறாங்க, இல்ல, மனசு நோகடிக்கிறதும் பணத்த முடக்குறதும் அதுல வருது. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, இது என் நகை, எங்களுக்குள்ள தகராறு இருக்குன்னு சங்கச் செயலாளருக்கு ஒரு மனு குடுத்து நகல்ல சீல் வாங்கிக்கங்க, அதுவே ஏலத்த நிறுத்திராது, ஆனா நாளைக்கு "எங்களுக்குத் தெரியாது"ன்னு அவங்க சொல்ல முடியாது.

இப்ப யாரும் சொல்லாத ஒண்ணு, ஓடிபி. சிரிக்காதீங்க. உங்க ஆதார்ல எந்த நம்பர் இருக்கு, பேங்க் புக்குல எந்த நம்பர், கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, மகளிர் உரிமைத் தொகை வர்ற அக்கவுண்ட்? பத்துக்கு எட்டு வீட்டுல புருஷன் நம்பர்தான் இருக்கும். அதாவது நீங்க எதைத் தொட்டாலும் அவரு போன்ல டிங்னு சத்தம் கேக்கும், அவரு அந்த ஓடிபிய சொன்னாத்தான் உங்க வேல நடக்கும். மாசம் 1000 ரூபா உங்க பேர்ல வருது, ஏடிஎம் கார்டு அவரு பர்ஸ்ல இருக்குன்னு சொன்ன பொண்ணுங்க எனக்கு நிறைய பேரு. மொதல்ல உங்க பேர்ல ஒரு சிம், அப்புறம் ஆதார் சேர்க்கை மையத்துக்கு நேர்ல போய் நம்பர மாத்துங்க, அதுக்கு தனியா டாக்குமெண்ட் எதுவும் கேக்க மாட்டாங்க, கைரேகை போதும். அப்புறம் பேங்குல போய் நம்பர மாத்தி, பழைய கார்ட ப்ளாக் பண்ணி புதுசு வாங்குங்க, முடிஞ்சா வேற பேங்குல புது அக்கவுண்ட்டே ஆரம்பிச்சுருங்க. அப்படியே உங்க பேர்ல என்னென்ன கடன் ஓடுதுன்னும் பாத்துருங்க. குழு லோன், வாரத் தவணை லோன் எல்லாம் பொம்பளைங்க பேர்லதான் குடுப்பாங்க, எடுத்தது யாரு செலவழிச்சது யாருன்னு நம்ம ஊருக்கே தெரியும். யார் பேர்ல என்ன கடன்னு கணக்கு வச்சிருக்குற சிபில் மாதிரி கம்பெனிங்க வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் இலவசமா குடுக்கணும், அதுல எல்லாம் வந்துரும்.

ஜீவனாம்சத்துக்கு வருவோம். கோர்ட்டுல அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்கு மனப்பாடம். "ஐயா, விவசாயம் பொய்ச்சுப் போச்சு, மேட்டூர்ல தண்ணி சரியா வரல, மெஷின் டியூவே கட்ட முடியல." பாஸ்புக்க நீட்டுவாரு, சித்திரை வைகாசி மாசத்துப் பக்கத்தக் காட்டுவாரு, காலியாத்தான் இருக்கும். டெல்டாவுல காசு வர்றதே சீசன்லதான், குறுவை அறுப்பு செப்டம்பர் அக்டோபர், சம்பா தாளடி ஜனவரிலேர்ந்து மார்ச், மெஷினும் அப்பத்தான் ராப்பகலா ஓடும். அந்த மாசத்து ஸ்டேட்மெண்ட்ட கேக்கணும். அரசு கொள்முதல் நிலையத்துல நெல்லு போடணும்னா சிட்டா, அடங்கல்னு நெலம் யாருது, என்ன பயிருன்னு காட்டுற ரெவின்யூ பேப்பரக் குடுக்கணும், பணம் பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் வரும், அத மறைக்க முடியாது. மெஷின் ஆர்சி யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, வாடகைக்கு வந்தவங்க ஜிபே பண்ணதும் அதே அக்கவுண்ட்லதான் இருக்கும். 2020ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல ரெண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும்னு சொல்லிருச்சு, ஜீவனாம்சம் மனு போட்ட தேதிலேர்ந்து கணக்குன்னும் சொல்லிருச்சு. அதனால அவரு மனசு மாறுவாருன்னு மாசக்கணக்கா காத்துக்கிட்டு இருக்குறது உங்க நஷ்டம்தான். மனு போட பாபநாசத்துக்கு அலைய வேணாம், நீங்க இருக்குற ஊரு கோர்ட்டுலயே போடலாம். உத்தரவு வந்து அவரு கட்டலன்னா, ஒவ்வொரு மாச பாக்கிக்கும் ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போட்டுறணும், நிறைய பேரு இத விட்டுட்டு அப்புறம் வந்து அழுவுறாங்க.

கேஸ் வாசம் அடிச்ச உடனே நிலத்த தம்பி பேருக்கோ அம்மா பேருக்கோ தான செட்டில்மெண்ட் எழுதுற ஆளுங்க உண்டு. பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் பாக்க காசு கிடையாது, சர்வே நம்பர் தெரிஞ்சா போதும், மாசம் ஒருக்க பாத்துக்கங்க. சும்மா எழுதிக் குடுத்த சொத்து மேல ஜீவனாம்ச உரிமைய கேக்க சட்டத்துல வழி இருக்கு. வீடு மாமனார் பேர்ல, அதுவும் கோயில் மனை, அதாவது அடி மண்ணு கோயிலுக்குச் சொந்தம்னு எழுதிருக்கீங்க. நம்ம பக்கம் கோயில் மனை, மடத்து மனை வீடு ஏராளம், அதனால எனக்கு அங்க ஒண்ணுமே இல்லன்னு முடிவு கட்டிராதீங்க. நீங்க வாழ்ந்த வீடுங்குறதே போதும், யார் பேர்ல இருந்தாலும் குடியிருக்குற உரிமைய குடும்ப வன்முறைச் சட்டத்துல கேக்கலாம், மாமனார் வீடா இருந்தாலும் கேக்கலாம்னு 2020ல தீர்ப்பு இருக்கு. சொந்தம் ஆகாது, ஆனா வழக்கு நடைமுறை இல்லாம தூக்கி வெளிய போட முடியாது.

அந்தப் பொண்ணப் பத்தி. அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தணும்னு இருக்குன்னு எழுதிருக்கீங்க, யாருக்குத்தான் இருக்காது. வேணாம். தொடர்பு வச்சிருந்தாங்கன்னு அவங்க மேல போலீஸ் கேஸ் போட முடியாது. கள்ளத் தொடர்ப குற்றம்னு சொன்ன, பழைய இந்திய தண்டனைச் சட்டத்து 497 பிரிவ 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிருச்சு, புது சட்டத்துலயும் அது இல்ல, பழைய சட்டம் இருந்தப்பவே அதுல பொண்டாட்டி புகார் குடுக்க முடியாது, பொம்பளைக்குத் தண்டனையும் கிடையாது. இன்னொரு கல்யாணம் பண்ணிருந்தாத்தான் குற்றம். ஆனா விவாகரத்துக்கு கள்ளத் தொடர்பு இன்னைக்கும் ஒரு காரணம்தான். அதுக்கு மெசேஜ் வேணும், ஸ்கிரீன்ஷாட்ல தேதியும் நம்பரும் தெரியணும், எந்தப் போன்ல எடுத்தீங்களோ அத விக்காதீங்க ரீசெட் பண்ணாதீங்க, கோர்ட்டுல எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்கு சான்றிதழோட குடுக்கணும். புருஷன் பொண்டாட்டி பேச்ச தெரியாம ரெக்கார்ட் பண்ணிருந்தாலும் விவாகரத்து கேஸ்ல ஆதாரமா எடுத்துக்கலாம்னு 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. ஆனா அத சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்கன்னா கேஸ் உங்க பக்கமே திரும்பிரும். அதோட, தெரிஞ்சப்புறமும் மன்னிச்சு சேந்து வாழ்ந்துட்டா அதே சம்பவத்த வச்சு பின்னாடி விவாகரத்து கேக்க முடியாம போகலாம், இதுவும் மனசுல இருக்கட்டும்.

கூச்சப்படாம ஒண்ணு சொல்றேன், பெரியாஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு இருக்கும், அங்க போய் எச்ஐவி டெஸ்ட் எடுத்துருங்க, இலவசம், வெளிய சொல்ல மாட்டாங்க, மத்த பால்வினை நோய்க்கும் டாக்டர்கிட்ட கேளுங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவையும் பாத்துக்கிறது நல்லது. தூக்கமே வரல, சாவலாம் போல இருக்குன்னு ஒரு வரி எழுதி பாதில விட்டுருக்கீங்க. அப்படித் தோணுறப்ப ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் 14416க்கோ 104க்கோ போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசுவாங்க. வயக்காட்டு வீட்டுல பூச்சி மருந்து கைக்கு எட்டுற இடத்துல இருக்கும், அத அங்கேர்ந்து எடுத்துரச் சொல்லி உங்க அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லுங்க.

பொழைப்பு. ப்ளஸ் டூ, தையல் தெரியும்னு சொல்றீங்க. எல்லாரும் "சொந்தமா கடை போடு"ம்பாங்க, நான் வேணாம்பேன், மொதல்ல அடுத்தவங்க கடையில உக்காருங்க. வலங்கைமான் பக்கம் என்கிட்ட கேஸ் நடத்துன ஒரு பொண்ணு, மொதல்ல கும்பகோணத்துல ஒரு தையக்காரர் கடையில ஹூக் வச்சு ஹெம்மிங் பண்ணிக்கிட்டு இருந்துச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. கூட இருந்த பொண்ணுகிட்டயே ஆரி ஒர்க், அதான் ஜாக்கெட்ல போடுற ஊசி எம்ப்ராய்டரி, கத்துக்கிச்சு. அப்புறம் அவங்க அம்மா வீட்டுத் திண்ணையில மர ஸ்டாண்டு போட்டு, ஜாக்கெட் துணிய இழுத்துக் கட்டி, டியூப் லைட்ட கீழ எறக்கி மாட்டி வச்சிருக்கும், நான் ஒரு தடவ கையெழுத்து வாங்கப் போனப்ப ஊசியில ஜரிகை நூல் ஓடிக்கிட்டே இருக்கு, பேச்சும் நடக்குது, தலைய நிமிரல. முகூர்த்த மாசம்னா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வேல, ஆடியும் மார்கழியும் ஈ ஓட்டணும், அதுக்காக மே ஜூன்ல ஸ்கூல் யூனிஃபார்ம் எடுத்துத் தச்சு கையிருப்பு வச்சுக்கும். அந்தக் கணக்கு கடையில உக்காந்ததாலதான் தெரிஞ்சுச்சு, எடுத்த எடுப்புல லோன் போட்டு மெஷின் வாங்கிருந்தா மொத ஆடியிலயே முழுகிருக்கும். டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு 2021லேர்ந்து டிக்கெட் இல்ல, வேலைக்குப் போக அது பெரிய உதவி. கைவிடப்பட்ட பெண்கள் பென்ஷன்னு ஒண்ணு இருக்கு, ஆனா வயசு 30 ஆகியிருக்கணும், அதோட விவாகரத்து ஆகியிருக்கணும் இல்லன்னா பிரிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், அதனால இப்போதைக்கு அத நம்பாதீங்க.

புள்ளைங்க விஷயத்துல ரொம்ப சொல்ல மாட்டேன். ஒம்போது வயசுப் பொண்ணுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி நடிக்குது. "அப்பா தப்பு பண்ணாரு, அது உன்னால இல்ல"ன்னு ஒரு தடவ சொன்னா போதும், அவகிட்ட தூது விடாதீங்க.

நிதானமா யோசிச்சு திரும்பிப் போகணும்னு தோணுச்சுன்னா போங்க, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணாருங்குறதுக்காகப் போகாதீங்க, சத்தியத்துக்கு செலவே இல்ல. நகைய மீட்டு உங்க பேர்ல லாக்கர்ல வச்சாரா, அவரு பங்குல கொஞ்சம் நெலத்த உங்க பேருக்கோ புள்ளைங்க பேருக்கோ ரிஜிஸ்டர் பண்ணாரா, மெஷின் கணக்கு உங்க கண்ணுக்குத் தெரியுதா, நீங்க வேலைக்குப் போறத ஒத்துக்குறாரா, அதப் பாருங்க. இதெல்லாம் பேசுறப்பவே மூஞ்சி மாறுதுன்னா உங்களுக்குப் பதில் கெடச்சுருச்சு. பிரியறதுன்னா, சம்மதத்தோட விவாகரத்துக்கு ஒரு வருஷம் தனியா இருந்திருக்கணும், மனு போட்டு ஆறு மாசம், அந்த ஆறு மாசத்த கோர்ட் நெனச்சா தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல தீர்ப்பு வந்துருச்சு. நகை, மொத்தத் தொகை, புள்ளைங்க செலவு எல்லாம் அந்த மனுவுலயே எழுத்துல வரணும், அப்புறம் தர்றேன்ங்குற பேச்செல்லாம் காத்தோட போயிரும். சண்ட போட்டு வாங்குறதுன்னா வருஷக்கணக்கு, அதுக்குள்ள உங்க வருமானம் நிலைச்சிருக்கணும்.

வக்கீல் பீஸுக்கு என்ன பண்றதுன்னு கேட்டீங்க. கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் குடுப்பாங்க, 15100க்குப் போன் பண்ணி எங்க போகணும்னு கேட்டுக்கங்க. அவரோ அவங்க வீட்டு ஆளுங்களோ மிரட்டுனா 181. போறப்ப ஆதார், கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், புள்ளைங்க பிறப்புச் சான்று, நகை லிஸ்ட் எடுத்துட்டுப் போங்க.

கடைசியா தாலி. போட்டுருக்கதும் கழட்டுறதும் உங்க மனசு, சட்டத்துக்கு கல்யாணம் தாலியில இல்ல, கழட்டிட்டா முறிஞ்சும் போகாது. ஆனா பஞ்சாயத்துல கோவத்துல கழட்டி வீசிறாதீங்க. 2022ல சென்னை ஹைகோர்ட் ஒரு கேஸ்ல பொண்டாட்டி தாலிய கழட்டுனதையும், புருஷன் வேல பாக்குற எடத்துல போய் எல்லார் முன்னாடியும் தொடர்பு இருக்குன்னு கத்துனதையும் சேத்து, பொண்டாட்டிதான் கொடுமைப்படுத்துனான்னு புருஷனுக்கு விவாகரத்து குடுத்துச்சு. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கல, ஆனா எதிர் வக்கீல் கையில அது இருக்கு. வேணாம்னு தோணுனா வீட்டுல கழட்டி பீரோவுல வச்சுக்கங்க, சங்கிலியோட எத்தன பவுன்னு அந்த லிஸ்ட்லயும் எழுதிருங்க.